மெயின்ரனன்ஸ் காசு எதற்கு? ரவுன்ஹவுஸ் கொண்டோவில் நான்கு பருவங்கள்

தம்பி, ரொறன்ரோ ஸ்காபரோவில் ஒரு ரவுன்ஹவுஸ் கொண்டோ, அதாவது உள்வீதி போன்றவை எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற வரிசை வீடு, பிடித்திருக்கிறது, ஆனால் வீட்டுக்கடனோடு மாதாமாதம் மெயின்ரனன்ஸ் என்கிற பொதுச் செலவுக் காசும் கட்ட வேண்டும் என்றதும் யோசனையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும், ஸ்நோ தள்ளுகிற வேலையாவது மிச்சமா என்பதுதான் உங்கள் கேள்வி. நான் இப்படியான குடியிருப்பு ஒன்றில் 19 வருடமாக இருக்கிறேன். அதில் 5 வருடம் நிர்வாக சபையிலும் இருந்தேன்.

ஸ்நோவை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்வீதியையும் பார்க்கிங்கையும் ஒப்பந்தக்காரர் தள்ளுவார். உங்கள் வாசற்படியையும் காருக்குப் பின்னால் யந்திரம் குவித்துவிட்டுப் போகிற கட்டியையும் யார் அள்ளுவது என்பது இடத்துக்கு இடம் வேறு. எங்கள் குடியிருப்பில் அது வீட்டுக்காரர் வேலை. பக்கத்துக் குடியிருப்பில் படி வரைக்கும் அவர்களே உப்புப் போட்டுவிடுவார்கள். யன்னல், கூரை, வேலி எல்லாமே இப்படித்தான். எது உங்களுடையது, எது பொது என்பதை ஒவ்வொரு கொண்டோவுக்கும் உள்ள டிக்ளரேஷன் என்கிற பத்திரம்தான் தீர்மானிக்கிறது. அதை வாசிக்காமல் மற்றவர்களின் அனுபவத்தை, என்னுடையதையும் சேர்த்து, நம்பி வாங்க வேண்டாம்.

நான் அதை வாசிக்காததற்குப் பெரிய விலை கொடுத்தேன். எங்கள் வீட்டு முன்சுவரில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் ஒன்று இருக்கிறது. வந்து இரண்டாவது குளிர்காலம், அதில் மாட்டியிருந்த ஹோஸை (ரப்பர் குழாயை) கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து, சுவருக்குள் இருந்த செம்புக் குழாய் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. உறைந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரலில் முதல் வெயில் வந்த சனிக்கிழமை, கார் கழுவ என்று மகன் குழாயைத் திறந்தான். வெளியே தண்ணீர் மெல்லிசாகத்தான் வந்தது. பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு அம்மா செருப்பும் போடாமல் ஓடி வந்தார். அவர்களுடைய பேஸ்மென்ற் கார்பெற் கால் வைத்த இடமெல்லாம் சளசளவென்று கிடந்தது. குடியிருப்பின் பொதுக் காப்புறுதி திருத்தித் தந்தது, ஆனால் டிடக்ரிபிள், அதாவது காப்புறுதி கொடுக்காமல் கழித்துக்கொள்கிற முதல் பங்கு, எங்கள் தலையில் விழுந்தது. வீட்டுக்காரரின் கவனக்குறைவால் சேதம் வந்தால் அவரிடமே அறவிடலாம் என்று எங்கள் குடியிருப்பின் விதியில் எழுதியிருந்தது. வாங்கினால் உங்கள் சொந்தக் காப்புறுதி அந்த டிடக்ரிபிளையும் மூடுமா என்று முகவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

குளிருக்கு முன் அந்தக் குழாயைக் காலியாக்குகிற வேலை ஐந்து நிமிடம்தான். ஒக்ரோபர் முடிவதற்குள் ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்ற் மேற்தட்டில், முன்சுவருக்குக் கிட்ட அந்தக் குழாய்க்கு ஒரு வால்வு இருக்கும், அதைப் பூட்டுங்கள். வெளியே போய்க் குழாயைத் திறந்து விடுங்கள். திரும்ப உள்ளே வந்து, வால்வின் பக்கத்தில் சின்ன மூடி இருந்தால் கீழே வாளி வைத்துவிட்டு அதைத் தளர்த்துங்கள், மிச்சத் தண்ணீர் சொட்டிவிடும். வெளிக் குழாயைக் குளிர்காலம் முழுக்கத் திறந்தே விடலாம்.

இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. பல வீடுகளில் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் புகை வெள்ளை பிளாஸ்ரிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரால் வெளியே போகும். கடும் ஸ்நோ கொட்டினால் முதலில் அந்தக் குழாயின் வாயைத் துப்புரவாக்குங்கள், கார் பிறகு. அது அடைபட்டால் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம், அதற்கு மணமே இல்லை. எரிபொருளில் ஓடும் ஃபர்னஸ் உள்ள வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல் விதி. மார்ச்சிலும் நவம்பரிலும் மணிக்கூடு மாற்றும்போது அலாரங்களின் பொத்தானையும் அமத்திப் பாருங்கள்.

மாதக் காசு உண்மையில் எங்கே போகிறது என்பது வசந்தத்தில்தான் தெரியும். தார் வெடிப்புக்குள் போன தண்ணீர் உறைந்து விரிந்து, உருகி, திரும்ப உறைந்து வீதியைப் பிளந்து வைத்திருக்கும். சபையில் இருந்தபோது ஏப்ரலில் மனேஜரோடு வரிசை வரிசையாக நடப்போம். தூக்கி நிற்கிற படி, பனிக்கட்டி இழுத்துக் கழற்றிய பீலி, கூரையில் பறந்துபோன ஓடு எல்லாம் குறித்துக்கொள்வோம். கூரை, வீதி போன்ற பெரிய வேலைகளுக்காக ஒவ்வொரு கொண்டோவும் ரிசேர்வ் ஃபண்ட் என்கிற சேமநிதி வைத்திருக்க வேண்டும், அது போதுமா என்கிற ஆய்வை மூன்று வருடத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே மாதக் காசு குறைவு என்று சந்தோசப்படாதீர்கள். கூரை வயது போய், ஃபண்டும் காய்ந்து கிடந்தால், ஒரு நாள் ஸ்பெஷல் அசெஸ்மென்ற் என்று கடிதம் வரும். அப்போது பல வருடக் குறைச்சலை ஒரேயடியாகக் கட்ட வேண்டும்.

கோடையில் அவ்வளவு வேலை இல்லை. எங்கள் இடத்தில் புல்லை ஒப்பந்தக்காரர் வெட்டுவார். முன்னுக்கு மரமோ வேலியோ வைக்க விரும்பினால் எழுத்தில் அனுமதி எடுங்கள், அது பொது நிலமாக இருக்கலாம்.

வாங்க முன்னர் கொண்டோவின் நிலைமையைச் சொல்கிற ஸ்ரேற்றஸ் சேர்ட்டிபிக்கற் என்கிற பத்திரத்தை நிர்வாகத்திடம் எடுத்து லோயரிடம் கொடுங்கள். வரி உட்பட 100 டொலருக்கு மேல் கேட்க முடியாது, 10 நாளுக்குள் தர வேண்டும். ரிசேர்வ் ஃபண்ட் எவ்வளவு, வழக்கு ஏதும் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும்.

வாங்கின பிறகு, வேலை சரியில்லை என்ற கோபத்தில் மாதக் காசை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். எங்கள் ஆட்கள் சிலர் அப்படிச் செய்து, வீட்டின்மேல் லீன் (கடன் பாக்கிக்கான சட்டப் பிடிமானம்) விழுந்து, வட்டியும் லோயர் செலவும் சேர்த்துக் கட்டினதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். காசைக் கட்டிக்கொண்டே மனேஜருக்கு எழுத்தில் அறிவியுங்கள். கணக்குப் பத்திரங்களைப் பார்க்கக் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. தர மறுத்தால், அதை விசாரிக்க 2017 முதல் ஒன்ராறியோவில் கொண்டோவுக்கென்றே ஒரு தீர்ப்பாயம் ஒன்லைனில் இயங்குகிறது. வருடாந்தக் கூட்டத்துக்கும் போங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தாலும் போய் இருங்கள். எங்கள் குடியிருப்பில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இல்லாமல் கூட்டம் தள்ளிப்போன வருடங்களில் கூரை வேலையும் தள்ளிப்போனது.

வீட்டைத் திரும்பப் பார்க்கப் போகும்போது பேஸ்மென்றில் அந்த வால்வு எங்கே என்று தேடிப் பாருங்கள். அதற்குப் பக்கத்துச் சுவரில் ஈரம் காய்ந்த மஞ்சள் வட்டம் ஏதும் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், என்னவென்று பார்த்துச் சொல்கிறேன்.