இலைப் படம் போட்ட எண்ணெய் மண்ணில் மக்குமா?

கேள்வி: செயின் ரம்பத்துக்குப் பழைய என்ஜின் ஆயிலையே ஊற்றுகிறோம். செலவு மிச்சமாகிறது. தவறா? (பொள்ளாச்சி)

பதில்: தவறு. அதில் உலோகத் துகளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் இருக்கின்றன. செயின் சுழலும்போது அது உங்கள் முகத்தில்தான் தெறிக்கிறது. இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: ‘மக்கும் எண்ணெய்’ என்று சொல்லி இரண்டு மடங்கு விலை வாங்கினார் கடைக்காரர். டின்னில் பச்சை இலைப் படம் இருக்கிறது, வேறு விவரமே இல்லை. கூலிக்கு மரம் அறுத்துப் பிழைக்கிறேன். பில் இருக்கிறது. (செங்கோட்டை)

பதில்: நல்லது செய்ய நினைத்துக் கூடுதல் பணம் கொடுத்த உங்களை இப்படி நடத்தியது அநியாயம். என்ஜின் ஆயிலை வடித்து எடுக்கலாம். செயினுக்கு விடும் எண்ணெய் திரும்பி வராது. அத்தனையும் மரத்தூளோடு மண்ணுக்குத்தான் போகிறது. அதனால்தான் ஆஸ்திரியா 1992-லேயே செயின் ரம்பங்களுக்கு மக்காத எண்ணெயைத் தடைசெய்தது. எளிதில் மக்கும் என்று சொல்வதற்கு அளவுகோல் இருக்கிறது: ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 301பி சோதனையில் 28 நாளில் குறைந்தது 60 சதவீதம் சிதைய வேண்டும். சோதனையின் பெயரை டின்னிலோ தகவல் தாளிலோ போடுவதற்கு என்ன கஷ்டம்? நானும் இப்படி இலைப் படம் போட்ட கேன் ஒன்றை வாங்கி, எந்தச் சோதனை செய்தீர்கள் என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். விளம்பரத் தாளை அனுப்பினார்கள், பதிலை அனுப்பவில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆதாரமில்லாமல் ‘பசுமை’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. முதலில் தயாரிப்பாளரிடம் சோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். ‘தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்பார்கள். நம்பாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். டின்னையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் ஊற்றினால் என்ன? (ஊட்டி)

பதில்: உங்கள் ஊர்க் காலைக் குளிரில் கெட்டியாக உறைந்து, எண்ணெய் பம்பை அடைத்துவிடும். சமவெளியிலும் அது செயினில் ஒட்டி நிற்காது. பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனியில் திரும்பும்போதே தெறித்துவிடும். செயினுக்கென்று தயாரிக்கும் தாவர எண்ணெயில் ஒட்டுவதற்கான பொருள் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் சரியாக வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை வெளிறிய அடிமரத்துக்கு நேராகச் சற்றுத் தள்ளிப் பிடித்து ரம்பத்தை ஓட்டுங்கள். மரத்தில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

கேள்வி: தாவர எண்ணெய் விட்டோம். மழைக்காலம் முழுவதும் சும்மா வைத்திருந்த ரம்பத்தில் செயின் பிசின் போல ஒட்டிக்கொண்டது. கலப்படமா? (ஏற்காடு)

பதில்: கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. தாவர எண்ணெய் பல, காற்றுப் பட்டு நாளானால் இறுகிவிடும். ரம்பத்தின் எண்ணெய்த் தொட்டியைக் காலி செய்து, செயினையும் பாரின் பள்ளத்தையும் துடைத்துவிட்டு எடுத்து வைக்க வேண்டும். இந்த எச்சரிக்கை டின்னில் இல்லையென்றால் குற்றம் தயாரிப்பாளருடையது.

கேள்வி: மில்லில் பேண்ட் ரம்பத்தின் பிளேடுக்கு டீசல் சொட்ட விடுகிறோம். மாற்று உண்டா?

பதில்: சோப்புத் தண்ணீரைச் சொட்ட விட்டுப் பாருங்கள், பல மரங்களுக்கு அதுவே போதும். வேலை முடிந்ததும் பிளேடைத் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். டீசல் ஊறிய மரத்தூள் எளிதில் தீப்பிடிக்கும்.

கேள்வி: சாலையோர வண்டியில் 20 லிட்டர் ‘இயற்கை எண்ணெய்’ மலிவாகக் கிடைத்தது. பார் தேய்ந்து கறுத்துவிட்டது. பில் தரவில்லை. யாரிடம் இழப்பீடு கேட்பது?

பதில்: விற்றவர் யார் என்றே தெரியாதபோது யாரிடம் கேட்பீர்கள்? பில் கேட்காமல் வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! மிச்ச எண்ணெயை ரம்பத்துக்கும் விடாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.