பந்தில கீறின முக்கோணம் 180 பாகைக்கு மேல போகுமா?

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, மகன் பத்தாம் ஆண்டாம், பழைய கால்பந்தில மார்க்கரால பெரிய முக்கோணம் ஒண்டு கீறி மூணு மூலையையும் அளந்தா 270 பாகை வருதாம், ரியூசன் சேர் "பிழை, 180தான்" எண்டு சொல்லிப்போட்டாராம், எது சரி எண்டு.

மகன் அளந்தது சரி தங்கச்சி. சேர் சொன்னது கொப்பித் தாளுக்குச் சரி, பந்துக்கு இல்ல.

முதல்ல, பந்தில நேர்கோடு எண்டா என்ன? அடிமட்டம் அதில ஒட்டாது. ஒரு டெனிஸ் போலில ரப்பர் பேண்ட் மாட்டிப் பாருங்க, பந்தைச் சரிபாதியா பிரிக்கிற மாதிரி நடுவால போட்டா நிக்கும், கொஞ்சம் மேல ஏத்தினா வழுக்கிக் கழண்டிடும். அந்த நடு வட்டம்தான் பெருவட்டம், பந்தில நேர்கோடு எண்டா அதுதான். பூமியில நெட்டாங்குக் கோடெல்லாம் இந்தச் சாதி, ஆனா அகலாங்கில மத்தியகோடு மட்டும்தான், மட்டக்களப்புக்கால போற 7.7 பாகைக் கோடு கூட இதில சேராது. எந்த ரெண்டு பெருவட்டமும் எப்படியும் வெட்டும், அதால பந்தில சமாந்தரக் கோடு எண்ட பேச்சே இல்ல. ரெண்டே பக்கத்தில ஒரு உருவமும் வரும், தோடம்பழச் சுளையிட தோல்பக்கத்தைப் பாருங்க, தாளில இது நடக்குமா?

இனி முக்கோணம். வத்தகப்பழம் ஒண்ட உருண்டையா பாத்து எடுத்து, நடுவால குறுக்க வெட்டி, மறுகா மேல இருந்து கூட்டல் குறி மாதிரி ரெண்டு வெட்டுப் போடுங்க. எட்டுத் துண்டு. ஒரு துண்டுட தோல்ல மூணு மூலை, மூணும் 90, மொத்தம் 270. தாளில வாற 180ஐ விடக் கூடின 90ஐ, எட்டுத் துண்டிலயும் கூடினதச் சேத்த 720ஆல பிரிச்சா எட்டில ஒண்டு, துண்டும் எட்டில ஒண்டுதானே! கூடுற பாகைதான் பரப்பளவைச் சொல்லுது, 1629ல அல்பேர்ட் ஜிறார்ட் எண்ட கணித அறிஞர் இத அச்சில போட்டுட்டார். எனக்கு இந்தப் பாடத்திலயே பிடிச்ச இடம் இதுதான்.

மகன் திருப்பிச் செய்யிறதெண்டா சுத்தளவு 68 சென்ரிமீற்றர் உள்ள அஞ்சாம் நம்பர் பந்தில 17 சென்ரிமீற்றர் நூலை மூணு பக்கமும் இழுத்துப் பிடிச்சுக் கீறட்டும், மூலைக்கு போஸ்ட்காட் மூலைய வச்சுப் பாக்கட்டும், பாகைமானி வளைவில ஏமாத்தும். மறுகா பக்கத்த 5 சென்ரிமீற்றராக் குறைச்சா மொத்தம் 185 கிட்டத்தான் வரும். இன்னும் சின்னனாக்கினா 180ஐ ஒட்டும், அதாலதான் அம்பாறை வயல்காணி அளக்கிற ஆக்கள் இதப்பத்தி யோசிக்கிறதே இல்ல, பூமியில 200 சதுர கிலோமீற்றர் முக்கோணத்துக்கே கூடுறது ஒரு பாகையில 3600ல ஒரு பங்குதான்.

ஓ.எல். பேப்பரில மட்டும் 180 எண்டே எழுதச் சொல்லுங்க, அங்க கேக்கிறது தாளில கீறின முக்கோணம்.