மூன்றாவது நினைவூட்டல்

அன்புள்ள ஐயா,

ஒரு திறமூல மென்பொருளில் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம் என்ற வகை) தமிழ் எழுத்து உடைகிறது. 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எட்டு மாதம் முன்பே புகார் பதிந்தேன். மூன்று நினைவூட்டல்களுக்கும் பதில் இல்லை (இணைத்துள்ளேன்). கூட்டு உழைப்பு என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா? நானே நிரல் எழுதக் கற்க வேண்டுமா?

மு.

அன்புள்ள மு.,

நிரல் கற்பது உங்கள் இஷ்டம், அதை விடுங்கள். 'சரியாக வரவில்லை' என்றால் யார் என்ன செய்வது? எந்த எழுத்து? கொம்பு தனியே நிற்கிறதா, புள்ளி தள்ளி விழுகிறதா? திருத்துகிறவருக்குத் தமிழே தெரியாமலிருக்கலாம். 'கொ'வுக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும்?

எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக், "பாடமாட்டேங்குது" என்றால் பெட்டியைத் தொடவே மாட்டார். பத்து வயதில் இரண்டு முறை அதைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்திருக்கிறேன். மூன்றாம் முறை, "கால் மணி நேரம் பாடுது, அப்புறம் கரகரங்குது" என்றேன். "அப்படிச் சொல்லு" என்று திருப்புளியை எடுத்தார்.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளருக்கு எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாவது உறுத்தியது. விடாமல் துருவினார். காரணம், எக்ஸ்இசட் என்ற திறமூலக் கோப்புச் சுருக்கு நிரலில் யாரோ கள்ளக்கதவு, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு ரகசிய வழி, வைத்திருந்தார்கள்.

அரை நொடியை எல்லோரும் மெச்சுகிறார்கள், சரி. என்னை உறங்கவிடாதது அந்தக் கள்ளன் உள்ளே வந்த விதம். ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி நல்ல பெயர் வாங்கியாயிற்று. இன்னொரு பக்கம், 2022-ல், வேறு பெயர்களில் நச்சரிப்பு அஞ்சல்கள்: ஏன் இத்தனை தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்களேன். அவையும் போலிப் பெயர்கள் என்றே கருதுகிறார்கள். தனியாளாகப் பராமரித்துவந்த மனிதர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் பராமரிக்கும் உரிமையில், அதாவது சாவியில், ஜியா டானுக்கும் பங்கு கொடுத்துவிட்டார்.

உங்கள் மூன்றாவது நினைவூட்டலை அந்த அஞ்சல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 'யாராவது உயிரோடு இருக்கிறீர்களா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் கள்ளமில்லை, எனக்குத் தெரியும். ராத்திரி வேலை முடிந்து வந்து அதைத் திறக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

உடையும் சொல்லைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். எழுத்துருவின் பெயர், பதிப்பு எண் இரண்டும் வேண்டும். ஆங்கிலம் இடறினால் சேர்ந்தே எழுதுவோம். நான்காவது நினைவூட்டலை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.