செட்டப் என்று தெரிந்த பிறகும் சிறந்தது என்று சொல்லத்தக்க மல்யுத்தப் போட்டி எது?

கேள்வி இது: "டபிள்யூடபிள்யூஇ சண்டை எல்லாம் செட்டப் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய போட்டிகளில் ஒன்றைச் சிறந்தது என்று சொல்ல முடியுமா? மைக் பிடித்துப் பேசுவதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?"

முடியும். போட்டி என்றால் 1997-இல் நடந்த பிரெட் ஹார்ட் – ஸ்டீவ் ஆஸ்டின். பேச்சு என்றால் 1985-இல் டஸ்டி ரோட்ஸ் பேசியது. பல வருடங்களாக இந்தப் பதிலை மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

செட்டப் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது ஒன்றும் ரகசியம் இல்லை. 1989-இல் நியூஜெர்சி மாநில செனட்டிடம் இன்று டபிள்யூடபிள்யூஇ எனப்படும் வின்ஸ் மெக்மஹோனின் நிறுவனமே இது பொழுதுபோக்குதான் என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடு தங்கள் மேல் வரக்கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. துரியோதனன் கடைசியில் விழப்போகிறான் என்று தெரிந்தேதான் ஊர் விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறது. யார் ஜெயிப்பார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கூட்டம் யாருக்காகக் கத்தும் என்பதை எழுதி வைக்க முடியாது. ஒரு போட்டியை நான் எடைபோடுவது அதை வைத்துத்தான்: உள்ளே வரும்போது ஒருவர் பக்கம் இருந்த கூட்டத்தை, வெளியே போகும்போது இன்னொருவர் பக்கம் கொண்டுபோய் விட முடிந்ததா?

அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியா 13, 1997 மார்ச் 23, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட் ஹொரைசன் அரங்கம். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே கதை நடந்துகொண்டிருந்தது. பிரெட் நேர்மையான நாயகன். ஆஸ்டின் வாய்க்கு வந்ததைப் பேசும் வில்லன். 1996 நவம்பரில் முதல் மோதலில் பிரெட் ஜெயித்தார். கயிற்றுக்கு மேலே வெளியே விழுந்தவர் அவுட், கடைசியில் மிஞ்சுபவர் வெற்றி என்ற பலர் மோதும் ஜனவரி ராயல் ரம்பிளில் ஆஸ்டினைக் கயிற்றுக்கு மேலே தூக்கி வெளியே எறிந்தார். நடுவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆஸ்டின் மறுபடி உள்ளே ஏறி, பிரெட்டையே வெளியே தள்ளி ஜெயித்துவிட்டார். பிப்ரவரியில் பிரெட் பட்டத்தை வென்றார். அடுத்த நாளே ஆஸ்டின் குறுக்கே வந்ததில் சிட் என்ற வீரரிடம் அதை இழந்தார். ரெசில்மேனியாவுக்கு ஆறு நாள் முன்னால் கூண்டுப் போட்டியிலும் தோற்றபோது, மெக்மஹோனைப் பிடித்துத் தள்ளிவிட்டு, தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தைகளைச் சொல்லிக் கத்தினார்.

பிரெட் புலம்பியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் அழகு. அவரை உண்மையிலேயே ஏமாற்றினார்கள். ஆனால் நியாயம் தன் பக்கம் இருப்பவர் அதையே வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு அலுத்துவிடும். அரங்கில் பாதிப்பேர் அதற்குள் ஆஸ்டின் பக்கம் சாய ஆரம்பித்திருந்தார்கள். யாருக்கும் பணியாத ஆளை ரசிக்கும் காலம் அது.

போட்டியின் விதி: பின்ஃபால் (எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி, நடுவர் மூன்று எண்ணும்வரை பிடிப்பது) கிடையாது, ஒருவர் தோல்வியை வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவராக வந்தவர் செட்டப் இல்லாத யுஎஃப்சி சண்டைப் போட்டிகளில் நிஜமாகவே சண்டை போட்ட கென் ஷாம்ராக். மணி அடித்த கொஞ்ச நேரத்திலேயே இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து படிக்கட்டுகளில் அடித்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் பிரெட் ஆஸ்டினின் முழங்காலைக் குறிவைத்தார், பிறகு நாற்காலியை எடுத்தார். இவ்வளவு காலம் சுத்தமாக விளையாடியவர் நாற்காலி எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே கூட்டம் அதைக் கவனித்துவிட்டது. அப்புறம் ஆஸ்டினின் நெற்றி கிழிந்தது.

அந்த ரத்தத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அப்போது அந்த நிறுவனத்தில் பிளேடு போடுவதற்குத் தடை. அதாவது சிறிய சவரத் தகட்டுத் துண்டை விரலிலோ மணிக்கட்டிலோ டேப்புக்குள் மறைத்து வைத்து நெற்றியைக் கீறிக்கொள்வது. மெக்மஹோனிடம் சொல்லாமலேயே பிரெட்டும் ஆஸ்டினும் பேசி முடிவெடுத்தார்கள். கீறியது பிரெட். மெக்மஹோன் அங்கேயே வர்ணனை மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பிரெட் தன் ஷார்ப்ஷூட்டரைப் போட்டார். எதிராளியின் இரண்டு கால்களையும் பின்னி, குப்புறத் திருப்பி, முதுகு வளையப் பின்னால் சாய்ந்து உட்காரும் பிடி அது. ஆஸ்டின் இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்க்கிறார். ரத்தம் முகமெல்லாம் வழிந்து பல்லிடுக்கில் தெரிகிறது. ஒரு தடவை பிரெட்டைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தும்விட்டார், ஆனால் பிடி விடவில்லை. "முடியாது" என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அப்படியே மயங்கிப்போனார். ஷாம்ராக் போட்டியை நிறுத்தினார்.

தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டிய போட்டியில், ஒப்புக்கொள்ளாமலேயே ஒருவர் தோற்றார். விதியையே கதையாக்கிய அந்த மூளைக்கு இன்னும் என் கைத்தட்டல் உண்டு. ஜெயித்த பிறகும் பிரெட் மயங்கிக் கிடந்தவரின் காலை உதைத்துக்கொண்டிருந்தார். ஷாம்ராக் அவரை இழுத்துப் போட்டு மல்லுக்கு நின்றதும் விலகி நடந்தார். போகும் வழியெல்லாம் வசவு. ஆஸ்டினைத் தாங்கிப் பிடிக்க வந்த இன்னொரு நடுவருக்கு, கழுத்தைப் பிடித்து இறக்கும் ஆஸ்டினின் ஸ்டன்னர் அடி ஒன்று விழுந்தது. அப்புறம் ஆஸ்டின் நொண்டிக்கொண்டே, தனியாக, கூட்டம் தன் பெயரைச் சொல்லிக் கத்த உள்ளே போனார். நாயகன் வில்லனாகி, வில்லன் நாயகனாகி, எல்லாமே சுமார் இருபத்திரண்டு நிமிடத்தில். அன்று பட்டத்துக்கான முதன்மைப் போட்டி அண்டர்டேக்கருக்கும் சிட்டுக்கும். அண்டர்டேக்கர் பட்டமே வென்றார், ஆனால் அதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இதோடு சேர்த்து அதே ஆண்டு ஜூலை 6 அன்று கனடாவின் கால்கரியில் நடந்த நிகழ்ச்சியையும் பாருங்கள். பிரெட்டின் சொந்த ஊர். அமெரிக்காவில் திட்டு வாங்கிய அதே பேச்சு, அதே நடத்தை, அங்கே அவர் கடவுள். ஆஸ்டினுக்குத்தான் வசவு. பிரெட் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. எல்லையைத் தாண்டினார், அவ்வளவுதான்.

இரண்டாவது இடத்துக்கு ரிக்கி ஸ்டீம்போட்டின் இரண்டு மோதல்கள் எனக்குள் எப்போதும் சண்டை போடும். ஒன்று, 1987 மார்ச் 29 அன்று ரெசில்மேனியா 3-இல் ராண்டி சாவேஜுடன் ஆடியது. முதன்மைப் போட்டியில் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே த ஜயன்ட்டைத் தூக்கிப் போட்ட அதே நாள். அந்தத் தூக்கு ஒரு மாபெரும் காட்சி, மறுக்கவில்லை. ஆனால் ஆந்த்ரேயின் உடம்பு அப்போதே ஓய்ந்துவிட்டது. போட்டியாகப் பார்த்தால் அலுப்பு. சாவேஜ் – ஸ்டீம்போட் கால் மணி நேரம்கூட இல்லை, மூச்சுவிட இடமில்லை. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே தாளில் எழுதி, எண் போட்டு, ஸ்டீம்போட்டை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வாராம்.

மற்றது 1989-இல் ரிக் ஃபிளேருடன் ஆடிய மூன்று போட்டிகள்: பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ், மே மாதம் நாஷ்வில். இங்கே அந்த மனப்பாடம் கிடையாது. தலையைப் பிடித்து அழுத்தும்போது காதோடு காதாக அடுத்தது என்ன என்று சொல்லிக்கொள்வார்கள். கூட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அங்கேயே முடிவெடுப்பார்கள். நியூ ஆர்லியன்ஸ் போட்டி மூன்றில் இரண்டு வெல்ல வேண்டியது, ஏறத்தாழ ஐம்பத்தைந்து நிமிடம். கடைசியில் ஃபிளேரின் கால் கயிற்றில் இருந்ததை நடுவர் கவனிக்காமல் எண்ணிவிட, ஸ்டீம்போட் ஜெயித்தார். அடுத்த போட்டிக்கு அதுவே காரணமாயிற்று. இது மெக்மஹோனின் போட்டி நிறுவனம் நடத்தியது. அன்று ஏப்ரல் 2, எதிர்முகாமான மெக்மஹோனிடம் ரெசில்மேனியா 5. ஹோகனும் சாவேஜும் மோதினார்கள். அதைப் பார்க்கக் காசு கட்ட வேண்டும். ஃபிளேர் – ஸ்டீம்போட் தொலைக்காட்சியில் இலவசமாக ஓடியது, அப்படியும் சூப்பர்டோமில் பெரும்பாலான இருக்கைகள் காலி. இந்தத் தொழிலில் தரமும் வசூலும் ஒன்றாகப் போனால்தான் அதிசயம்.

சாவேஜா ஃபிளேரா என்று வற்புறுத்திக் கேட்டால் ஃபிளேர். எழுதி ஒப்பித்ததில் நேர்த்தி கூடும். ஆனால் கூட்டம் எதிர்பாராத இடத்தில் கத்தினால் அதற்குப் பதில் சொல்ல இடம் இருக்காது.

சரி, பேச்சுக்கு வருவோம்.

டஸ்டி ரோட்ஸ் மல்யுத்த வீரர் மாதிரியே இருக்கமாட்டார். தொப்பை, நாக்கைத் தடித்துப் பேசும் பேச்சு, பிளம்பரின் மகன் என்று தானே சொல்லிக்கொள்ளும் பெருமை. எதிரி ரிக் ஃபிளேர்: ரோலெக்ஸ் கடிகாரம், லிமோசின், தனி விமானம். ஃபிளேரும் ஆண்டர்சன் கூட்டமும் சேர்ந்து டஸ்டியின் கணுக்காலை உடைத்ததாகக் கதை. 1985 அக்டோபரில் அவர் கேமரா முன்னால் வந்து நின்றபோது, வழக்கம்போல உன்னை அப்படி அடிப்பேன், இப்படி அடிப்பேன் என்றுதான் தொடங்குவார் என்று எதிர்பார்ப்போம். அவர் பேசியது கஷ்டகாலத்தைப் பற்றி. ஜவுளி ஆலைத் தொழிலாளிக்கு வேலை இல்லை, நாலைந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்க வழியில்லை. அதுதான் கஷ்டகாலம் என்றார். கார் தொழிற்சாலைக்காரனை வீட்டுக்குப் போ என்கிறார்கள் என்றார். முப்பது வருடம் ஒரே இடத்தில் உழைத்தவன் கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, உன் இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று உதைத்து அனுப்புகிறார்கள் என்றார். இது 1985!

நிகழ்ச்சியை நடத்திய ஜிம் கிராக்கெட்டின் நிறுவனம் வட கரோலினாவின் சார்லட் நகரத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் ஜவுளி ஆலைகள். அந்தக் காலத்தில் அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. டிக்கெட் வாங்கி வருகிறவர்களின் வீட்டுக் கதையைத்தான் அவர் சொன்னார். கையை நீட்டி, என் கை உங்கள் கையைத் தொடுகிறது என்றார். தன் கணுக்கால் உடைந்ததையும் அவர்கள் வேலை போனதையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டார். அப்புறம் ஃபிளேரை அடிக்க ஒரு காரணம் தனியாகத் தேவையா?

ஜேக் ராபர்ட்ஸ் இதற்கு நேர் எதிர். எல்லாரும் தொண்டை கிழியக் கத்திய 80-களில் அவர் மட்டும் மெதுவாகப் பேசினார். கேட்க வேண்டுமானால் நீங்கள்தான் அமைதியாக வேண்டும். 1990-இல் ரெசில்மேனியா 6-க்கு முன் டெட் டிபியாசியின் பணத்திமிரைப் பற்றிப் பேசியது ஓர் உதாரணம். கெஞ்ச வைத்து வேடிக்கை பார்த்தவன் தன் பேராசைச் சேற்றிலேயே புரளப்போகிறான் என்கிற பொருளில், குரலை ஒரு தடவைகூட உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போவார். போட்டியில் அவர் தோற்றார். போட்டி மறந்துவிட்டது, பேச்சு இன்னும் ஓடுகிறது. 1996-இல் ஆஸ்டின் பைபிள் வசன எண்ணைத் தன் பெயரோடு சேர்த்து மிரட்டிய அந்தப் புகழ்பெற்ற பேச்சு, இதே ஜேக்கைத் தோற்கடித்த கையோடு வந்ததுதான்.

சிஎம் பங்க் 2011-இல் ஆஸ்டின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பேசியது பலருக்கு முதலிடம். நல்ல பேச்சுதான். ஆனால் அதற்குப் பிறகு மைக் கிடைத்த ஒவ்வொருவரும் "இப்போது நிஜத்தைப் பேசுகிறேன்" என்று கிளம்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் கொஞ்சம் பங்க் மீதும் விழுகிறது, என்ன செய்ய.

பின்னூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பீர்கள்: 1998-இல் மேன்கைண்டை அண்டர்டேக்கர் கூண்டின் உச்சியிலிருந்து தூக்கி எறிந்தாரே, அது எங்கே? அதைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினாறு அடி உயரத்திலிருந்து மேசை மேல் ஒரு மனிதர் விழுந்தார். பிறகு கூண்டின் கூரை பிய்த்துக்கொண்டு விழுந்தது திட்டத்திலேயே இல்லாதது. ஒரு தடவை பார்த்தால் போதும். ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடி, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பி வளர்ந்த நம்மூர்த் தலைமுறைக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும்.

அண்டர்டேக்கர் வேண்டும் என்றால் ஷான் மைக்கேல்ஸுடன் 2009-இல் ஹூஸ்டனில் ஆடியதைக் காட்டுவார்கள். அரை மணி நேரம், தொழில்நேர்த்தியில் கைவைக்க இடமில்லை. தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் இறக்கும் தன் டூம்ஸ்டோனிலிருந்தும் ஷான் தோளைத் தூக்கியபோது அண்டர்டேக்கரின் முகம் போன போக்கு ஒன்றே போதும். ஆனால் உள்ளே வரும்போது இருவரும் யாராக இருந்தார்களோ, வெளியே போகும்போதும் அவர்களே. அடுத்த ஆண்டு, 2010-இல், தோற்றால் ஷான் ஓய்வுபெற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆடியதுதான் எனக்குப் பிடித்தது. முடிக்க வேண்டிய இடத்தில் அண்டர்டேக்கர் தயங்குகிறார். எழுந்திருக்கவே முடியாத ஷான் அவர் உடம்பைப் பிடித்து ஏறி, கழுத்தை அறுப்பது போல் அவருடைய சைகையையே செய்து காட்டி, கன்னத்தில் அறைகிறார். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதைப் பாருங்கள்.