ஜெல்லின் ஓரத்தோடு நின்றுவிடும் ரத்தக் குழாய்கள்

ரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் வளர்ச்சிக் காரணியான விஇஜிஎஃப் புரதம் கலந்த ஜெலட்டின் ஜெல்லை எலியின் தோலுக்கடியில் வைத்ததில், ஓரங்களில் மட்டும் குழாய்கள் முளைத்தன, அவையும் கசிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புரதத்தின் அளவை இரட்டிப்பாக்கும் யோசனையைக் கைவிடுங்கள்; கசிவுதான் கூடும். 1983இல் இந்தப் புரதத்தை முதலில் அடையாளம் கண்டதே குழாய்களைக் கசியவைக்கும் பொருளாகத்தான்.

வெறுமனே கலந்த புரதம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளியேறிவிடும். ஜெல்லோடு ஹெப்பாரின் என்ற சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறைப் பிணைத்துப் பாருங்கள். அது புரதத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடும். குழாய் முதிர்ச்சியடைய பெரிசைட் செல்கள் வந்து சுவரைப் போர்த்த வேண்டும். அவற்றை அழைப்பது பிடிஜிஎஃப்-பிபி என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி. உயிரிப் பொறியாளர் டேவிட் மூனியின் குழு 2001இல் ஒரே பாலிமர் தாங்குசட்டகத்திலிருந்து இந்த இரண்டு காரணிகளையும் வெவ்வேறு வேகத்தில் வெளியிட்டபோது, முதிர்ந்த குழாய்கள் உருவாயின. உங்களுக்கும் அந்த வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நடுப்பகுதி வெறுமையாக இருப்பதற்கு ஜெல்லின் அடர்த்தியைச் சந்தேகிக்கிறேன். ஜெல்லின் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் குறுக்குப் பிணைப்பைக் குறையுங்கள், அல்லது ஒன்றோடொன்று இணைந்த துளைகள் வருமாறு உறையவைத்து உலர்த்துங்கள். துளைகள் மூடியிருந்தால் எந்தக் காரணியும் உதவாது.

அடுத்த முறை குழாயின் உள்சுவர்ச் செல்களைக் காட்டும் சிடி31 சாயத்தோடு, சுவரைப் போர்த்தும் செல்களைக் காட்டும் ஆல்ஃபா எஸ்எம்ஏ சாயமும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து தெரியும் குழாய்களைத் தனியே எண்ணுங்கள்.