கணையத்தில் நீர்க்கட்டி: கத்தியா, காலண்டரா?

கே: வயது 62. ஓய்வு பெற்ற தமிழாசிரியன். கிட்னிக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப்போன இடத்தில், கணையத்தில் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எம்.ஆர்.சி.பி.யும் (பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்தாயிற்று. ‘14 மி.மீ., கிளை நாள ஐ.பி.எம்.என். ஆக இருக்கலாம், கண்காணிக்கவும்’ என்று ரிப்போர்ட். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு டாக்டர், “நாளைக்குப் புற்றுநோயாகிவிடும், எடுத்துவிடலாம்” என்கிறார். இன்னொருவர், “ஆறு மாதம் கழித்து வாங்க” என்கிறார். மகன் இணையத்தில் படித்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

ப: இரண்டாமவர் பேச்சை. முதலில் மகனைத் தூங்கச் சொல்லுங்கள் ஐயா.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகல் என் மேசையில் இருக்கிறது. எல்லோரும் 14 மி.மீ. என்ற எண்ணைத்தான் வட்டம் போடுவார்கள். நீங்களும் சிவப்பு மையில் போட்டிருக்கிறீர்கள். நான் தேடிய வரி அதற்குக் கீழே இருக்கிறது: ‘மெயின் டக்ட் 3 மி.மீ., உள்ளே முடிச்சு இல்லை.’ (முடிச்சு என்றால் கட்டியின் உட்சுவரில் முளைக்கும் சதைத் திரட்சி.)

கும்பகோணத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கணையத்தின் வாலிலிருந்து தலைவரை ஓர் ஆறு ஓடிச் சிறுகுடலில் கலக்கிறது. அதுதான் மெயின் டக்ட். இருபுறமும் வாய்க்கால்கள். (காவிரியில் வாய்க்கால் பிரியும்; இங்கே வந்து சேரும், அவ்வளவுதான் வித்தியாசம்.) ஒரு வாய்க்காலின் உட்சுவர் அளவுக்கு மீறிச் சளியைச் சுரந்து, அது தேங்கி உப்பியிருக்கிறது. அதுதான் உங்கள் கட்டி, ரிப்போர்ட் சொல்லும் ‘கிளை நாள ஐ.பி.எம்.என்.’ ஆறே அகலமாகிவிட்டால்தான் கதை வேறு. 5 மி.மீ. தொட்டால் துருவிப் பார்ப்போம், 10 மி.மீ. ஆனால், உடம்பு தாங்குமென்றால், அறுவை சிகிச்சைதான்.

ஜப்பான் டாக்டர்கள் 1982-இல் அடையாளம் காட்டிய நோய் இது. அதனால்தானோ என்னவோ, விதிமுறைகளுக்கும் அவர்கள் ஊர்ப் பெயர்களே: செண்டாய், ஃபுகுவோகா, கடைசியாக 2024-இல் வெளியான கியோட்டோ. இந்தக் கியோட்டோ கணக்குப்படி 20 மி.மீ.க்குக் குறைந்த, வேறு அபாய அறிகுறி இல்லாத கட்டிக்கு ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன். மாற்றமில்லையென்றால் 18 மாதத்துக்கு ஒருமுறை. ஐந்து வருடம் அசையாமல் இருந்தால் நிறுத்திக்கொள்ளவும் அதில் வழி உண்டு. நான் நிறுத்தச் சொல்வதில்லை. இந்த வகைக் கட்டி உள்ளவர்களுக்குக் கணையத்தின் வேறோர் இடத்திலும் புற்றுநோய் முளைக்கக்கூடும். ஆபரேஷனைத் தாங்கும் உடம்பு இருக்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்போம் என்பது என் கட்சி.

அப்படியானால் இப்போதே எடுத்துவிட்டால் என்ன? கணையத்தைத் தைப்பது வெண்ணெயில் தையல் போடுவது மாதிரி என்பார் என் சர்ஜன் நண்பர். தையலில் கணையநீர் கசிந்தால் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிவாசம். மாத்திரையில் நிற்கும் உங்கள் சர்க்கரை, இன்சுலினுக்குப் போகலாம். 14 மி.மீ.க்கு இந்த விலை அதிகம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஸ்கேன் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக லேமினேட் செய்துகொண்டு, சிடியைப் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்! அடுத்தமுறை பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்தில் 2.5 மி.மீ. வளர்ந்தாலே கவனிக்க வேண்டும் என்கிற விஷயம் இது. அரிசி மணியின் நீளம்கூட இல்லை. நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஒருவருடைய பழைய அல்ட்ராசவுண்டில் 16, புது எம்.ஆர்.ஐ.யில் 21. “வளர்ந்திருக்கே” என்று சொல்லிவிட்டேன். மனிதர் வெலவெலத்துப் போய் வீட்டில் உயில்வரை பேசிவிட்டார். ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ.யோடு எம்.ஆர்.ஐ.யை ஒப்பிட்டால் 21, 21. அன்று வளர்ந்தது கட்டியில்லை, என் அவசரம். அதனால் ஒரே வகை ஸ்கேன், முடிந்தால் ஒரே சென்டரில்.

தவணைக்குக் காத்திராமல் ஓடிவர வேண்டிய நேரமும் உண்டு. கண் மஞ்சளானால், மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தால், அதே சாப்பாடு, அதே மாத்திரை, ஆனாலும் சர்க்கரை திடீரென்று எகிறி எடையும் இறங்கினால். எட்டு வருடச் சர்க்கரை என்னைப் பயமுறுத்தவில்லை. அது காரணமில்லாமல் தடம் மாறினால் பயப்படுவேன். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு சரி.

‘எண்டோஸ்கோப்பி வழியாக ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டாமா’ என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். கட்டி 30 மி.மீ. ஆனாலோ, உள்ளே முடிச்சு தெரிந்தாலோ செய்வோம். எடுத்த நீரில் ஒரு சொட்டைக் கையுறை போட்ட இரண்டு விரலுக்கிடையே வைத்து இழுத்துப் பார்ப்பது ஒரு பழைய வித்தை. வெண்டைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணையில் இழுபடுமே, அப்படி ஒரு சென்டிமீட்டராவது நூல் நீண்டால் சளி வகை. ஆய்வகத்தில் அதே நீரில் சி.ஈ.ஏ. என்ற புரதம் 192-க்கு மேல், குளுக்கோஸ் 50-க்குக் கீழ் என்றால் சந்தேகம் உறுதிப்படும். ஆனால் இவையெல்லாம் கட்டி எந்த ஜாதி என்று சொல்லுமே தவிர, அதில் புற்றுநோய் புகுந்துவிட்டதா என்று சொல்லாது.

கே: வயது 44. கணையத்தின் வால் பகுதியில் 4.5 செ.மீ. சளிக்கட்டி. கணைய அழற்சி வந்ததே இல்லை. ஆபரேஷன், மண்ணீரலையும் எடுக்க நேரலாம் என்கிறார்கள். ஊசி போட்டு உறிஞ்சிவிட முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

ப: முடியாதும்மா. உறிஞ்சினால் நீர் போகும், சளி சுரக்கும் உட்சுவர் அப்படியே இருக்கும், திரும்ப நிரம்பும். இது பெரும்பாலும் உங்கள் வயதுப் பெண்களுக்கே, அதுவும் கணையத்தின் உடலிலும் வாலிலும் வரும் வகை. 4 செ.மீ. தாண்டிவிட்டால் எடுத்துவிடுவதே நல்லது. எடுத்த கட்டியில் ஊடுருவும் புற்றுநோய் இல்லையென்று பயாப்சி சொல்லிவிட்டால், முந்தைய கேள்வியின் ஐயாவைப் போல ஸ்கேனுக்கு அலைய வேண்டியதில்லை. மண்ணீரல் போவதாக இருந்தால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹெச்.ஐ.பி. (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி) கிருமிகளுக்கான தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லையென்றால், தேதி குறிக்கும்போது நீங்களே கேளுங்கள்.