உரப்பை நிரம்பிய பிறகு – கடிதம்

அன்பின் ஐயா,

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் கடலோரக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையச் செயலாளராக இருக்கிறேன். வருடத்தில் இரண்டு தரம், புரட்டாதியிலும் மார்கழியிலும், கடற்கரையைத் துப்புரவு செய்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், இளைஞர் கழகம், மாதர் சங்கம் என்று அறுபது எழுபது பேர் வருவார்கள். ஒரு காலைக்குள் நூறு உரப்பை நிரம்பிவிடும். ஆனால் மார்கழியில் துப்புரவாக்கிய கரை இரண்டு கிழமைக்குள் பழையபடி கிடக்கிறது. போனமுறை கட்டிவைத்த பைகளை ஏற்றுவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. பைகள் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து கிழிந்து, பாதி திரும்பக் கடலுக்குள் போய்விட்டது. "உது முழுக்க இந்தியாவிலயிருந்து வாற குப்பை, நீங்கள் அள்ளி முடியுமே?" என்று தொழிலுக்குப் போகிற அண்ணமார் கேட்கிறார்கள். பெடியளும் சலித்துப்போனார்கள். இதைத் தொடர்வதில் பயன் உண்டா? உண்டென்றால் எப்படிச் செய்வது சரி?

*

அன்பின் தம்பி,

பயன் உண்டு, விடாதீர்கள். ஆனால் அறுபது பேரின் ஒரு காலை உழைப்பில் பெரும்பகுதி இப்போது வீணாகிறது. கட்டிய பைக்குப் போக இடமில்லை, அள்ளியது என்னவென்று எழுத்தில் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்தால் அண்ணமாரின் கேள்விக்கு விடை உங்கள் கையிலேயே இருக்கும்.

முதலில் பை. உரப்பையே பிளாஸ்ரிக்தான். பொலிபுரோப்பிலீன் நாடாக்களால் நெய்தது. நம் வெயிலில் சில மாதம் கிடந்தால் நாடா நொறுங்கி நூல்நூலாக உதிரும். அப்போது உள்ளே இருந்ததோடு பையும் சேர்ந்து குப்பையாகிறது. முழுப் போத்தலாகக் கிடந்ததைவிட அந்த நூலை மணலிலிருந்து எடுப்பது கடினம். ஆகவே துப்புரவு நாளை அறிவிக்க முன்னரே பிரதேச சபையிடம் வாகனம் வரும் நாளையும் நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லான்ட்மாஸ்ரரை (பெட்டி பூட்டிய சிறு உழவு இயந்திரம்) வாடகைக்குப் பிடியுங்கள். அந்தப் பெட்டி எத்தனை பை கொள்ளுமோ அத்தனை பை நிரம்பியதும் வேலையை நிறுத்திவிடுங்கள். மிச்சம் கரையில் கிடக்கட்டும். கட்டிய பை கிடப்பதைவிட அது மேல். பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், வாய் கட்ட இடம் வேண்டும். கட்டிய பைகளைக் கடல் ஏறி நிற்கும் கோட்டுக்கு மேலே, வாகனம் வரக்கூடிய ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். ஈரமணலுக்குள் உழவு இயந்திரத்தை இறக்காதீர்கள். சில்லு புதைவதோடு ஆமை முட்டையிட்ட இடமும் மணலில் படரும் அடம்பன் கொடியும் நசுங்கும்.

விற்றால் செலவு வருமென்று நினைக்கலாம். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஐம்பது அறுபது சேர்ந்தால்தான் ஒரு கிலோ. நசுக்காமல் போட்டால் ஓர் உரப்பைக்குள் இரண்டு கிலோகூடத் தேறாது. கடலில் நாள்பட்டு வெளிறியதையும், மணலும் கொட்டலசும் (மிதக்கும் பொருளில் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) ஒட்டியதையும் வாங்குபவர்கள் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். தெளிவாக இருக்கிற போத்தலை மட்டும் மூடி கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டு, நசுக்கித் தனிப்பையில் போடுங்கள். மூடி வேறு பிளாஸ்ரிக், அதற்கு வேறு பை. இன்னதென்று தெரியாத துண்டை ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூடி, கயிறு, கூடை வகை மிதக்கும். போத்தல் துண்டும் நைலோன் வலையும் தாழும். மிதப்பதையும் தாழ்வதையும் கலந்து கொடுத்தால் முழுவதையும் திருப்பி அனுப்புவார்கள்.

இனி "முழுக்க இந்தியாவிலிருந்து" என்ற பேச்சு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றில் வங்காள விரிகுடாக் குப்பை நம் வடகரைக்கும் கிழக்குக் கரைக்கும் ஒதுங்கும். மார்கழியில் துப்புரவாக்கிய கரை உடனே நிரம்புவது அதனால்தான். எந்தப் போத்தல் எங்கிருந்து வந்தது என்பதைப் போத்தலைக் கையில் எடுத்தே பார்க்கலாம். பட்டைக்குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 479 இலங்கையில் பதிவான நிறுவனம், 890 இந்தியா, 885 தாய்லாந்து, 955 மலேசியா, 899 இந்தோனேசியா. அது நிறுவனம் பதிவான நாட்டைத்தான் காட்டும். நம் கடையில் விற்கும் இந்திய பிஸ்கற் பைக்கற்றிலும் 890 இருக்கும் என்பதால், சிங்கள எழுத்தோ இறக்குமதியாளர் ஒட்டிய சீட்டோ உண்டா என்றும் பார்க்க வேண்டும். அடுத்து, உடம்பில் கொட்டலசு பிடித்திருக்கிறதா? காம்பு நீண்டு நுனியில் சிறு வெள்ளை ஓடு தொங்கும் வகை, மிதக்கும் பொருளில் கிழமைக்கணக்கில் வளர்வது. அது இருந்தால் போத்தல் நாள்பட மிதந்து வந்தது. உடம்பு வழுவழுப்பாக, சுற்றியிருக்கும் தாள்கூடக் கலையாமல் இருந்தால் அது கிட்டடியில் விழுந்தது: கரையில், வாய்க்காலில், அல்லது படகிலிருந்து. மூடி இறுக்கி, கொட்டலசு இல்லாமல் வரும் இந்தியப் போத்தல் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை, நம் கடலில் நின்ற இந்திய றோலரிலிருந்தும் (இழுவைப் படகு) வந்திருக்கலாம்.

இதை எண்ணிக்கையாக்குங்கள். செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு நாள் 1986இல் டெக்சாஸில் தொடங்கியபோதே, அள்ளிய ஒவ்வொன்றையும் அட்டையில் குறிப்பதுதான் அதன் உயிராக இருந்தது. இங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டுப் படம் எடுப்பதை வைத்துக்கொண்டோம், அது எனக்குப் பெரிய வருத்தம். புரட்டாதி, மார்கழி என்ற இரண்டு நாள் போதாது. புரட்டாதியில் வாடை தொடங்கியிராது, மார்கழியில் அது உச்சத்தில் நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றும் சொல்ல முடியாது.

மாதம் ஒரு நாள், நாலு பேர் போதும். இடம்பெயராத இரண்டு அடையாளங்களுக்கு, ஒரு பனைக்கும் ஒரு மீன்வாடித் தூணுக்கும் என்று வையுங்கள், இடையில் நூறு மீற்றர் அளந்துகொள்ளுங்கள். அலை நனைக்கும் விளிம்பிலிருந்து அடம்பன் கொடி தொடங்கும் இடம்வரை மூன்று பேர் பொறுக்க, ஒருவர் மட்டும் எழுத வேண்டும். போத்தல் மூடியைவிடச் சிறியதை எண்ண வேண்டாம். வகை பன்னிரண்டுக்கு மேல் போனால் எழுதுபவர் களைத்து "மற்றவை" என்ற பகுதியில் தள்ளத் தொடங்குவார். பானப் போத்தல், மூடி, இனிப்பு மற்றும் சம்போ பைக்கற், சொப்பிங் பை, வலைத்துண்டு, கயிறு, றெஜிபோம் (மீன்பெட்டி செய்யும் வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்), எஞ்சின் ஒயில் கான், செருப்பு, பம்பேர்ஸ், கண்ணாடி, மருந்துப்பொருள் என்பது நம் கரைக்குப் பொருந்தும். பட்டைக்குறியீடு வாசிக்கக்கூடிய போத்தல்களுக்கு மட்டும் பக்கத்தில் நாட்டு எண்ணையும் கொட்டலசு உண்டா என்பதையும் குறியுங்கள். மேலே திகதியும் காற்றும்: வாடையா, தெற்கால் வரும் சோளகமா, மேற்கால் வரும் கச்சானா.

வழமையாகப் பிழைக்கும் இடம் றெஜிபோம். ஒரு மீன்பெட்டி உடைந்தால் இருநூறு துண்டு. ஒருவர் இருநூறு என்பார், இன்னொருவர் ஒன்று என்பார். அதனால் றெஜிபோமையும் வலையையும் எண்ணாமல் தொங்கு தராசில் நிறுங்கள், நிழலில் காயவிட்டு மணலை உதறிய பிறகு. ஈரமணலோடு நிறுத்த கிலோக் கணக்கும் "நூறு பை" என்ற கணக்கும் ஒன்றுக்கும் உதவாது. உறிஞ்சுகுழாய், பிளாஸ்ரிக் கரண்டி, தட்டு, மாலை ஆகியவை 2023 ஒக்ரோபர் 1 முதல் தடைசெய்யப்பட்டவை. அவை புதிதாக, கூட்டமாக வந்தால் அந்தத் தாளோடு பிரதேச சபைக்குப் போங்கள்.

மூன்று மாதம் எழுதினால் குப்பை இரண்டாகப் பிரிந்து தெரியும். தூரத்திலிருந்து வருவதை நீங்கள் அள்ளத்தான் முடியும். கிட்டடியில் விழுவதை நிறுத்த முடியும். பாதிப் பலத்தைக் கரையிலிருந்து எடுத்து இதில் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு இரண்டு இடங்கள்.

ஒன்று, துறை. வலை பொத்துகிற இடத்தில் வெட்டி எறியும் துண்டு காற்றில் கடலுக்குப் போகிறது. பொத்துகிறவர் இருந்த இடத்திலிருந்தே கை நீட்டினால் எட்டும் உயரத்தில் தூணுக்குத் தூண் ஒரு பையைக் கட்டுங்கள். பத்தடி தள்ளி வைத்த பீப்பாய்க்குள் ஒருவரும் போடமாட்டார். பையைக் கிழமைக்கு ஒருமுறை எடுக்க ஒருவரைக் கடற்றொழிலாளர் சங்கம் பொறுப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரம்பி வழிந்த பையே புதுக் குப்பை. ஒயில் கானுக்குச் சங்கத்தின் கடையே வழி: வெறுங்கானைக் கொண்டுவந்தால்தான் அடுத்த கான். றெஜிபோம் மிதப்புகளை ஒரே நாளில் ஒழிக்க முடியாது, ஆனால் பழைய வலையால் இறுக்கிச் சுற்றிக் கட்டினால் உதிர்வது குறையும். தடைசெய்யப்பட்ட, ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலை கரையில் கண்டால் எடையை மட்டும் எழுதுங்கள். யாருடையது என்று தேடப் போனால் அடுத்த மாதம் ஒருவரும் உங்களோடு கதைக்கமாட்டார்கள். றோலர் அறுத்துப்போன வலைத் துண்டுகளையும் தனியாக நிறுத்து எழுதுங்கள், சங்கம் முறைப்பாடு கொடுக்கும்போது அது பயன்படும். மணலுக்குள் பாதி புதைந்த வலையை இழுக்க வேண்டாம். சுற்றிக் கையால் தோண்டி, துண்டுதுண்டாக வெட்டி எடுங்கள். இழுத்தால் நூல் உள்ளே அறுந்து நிற்கும்.

மற்றது, வெள்ள வாய்க்கால். நமக்கு வற்றாத ஆறில்லை. வருடம் முழுக்க வாய்க்காலில் சேர்ந்த குப்பை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே தள்ளாகக் கடலுக்குப் போகும். அதனால் புரட்டாதி முடிய முன் வாய்க்கால் வாயில் ஒரு மிதவை போட்டுவிட வேண்டும். நாலு மீற்றர் அகலமான வாய்க்காலுக்கு ஆறு மீற்றர் மிதவை. ஒன்றரை லீற்றர்ப் போத்தல் நாற்பதை மூடி இறுக்கி, இரண்டு வரிசையாகப் பழைய வலைக்குள் வைத்துக் குழாயாகச் சுற்றி, அரை மீற்றருக்கு ஒரு கட்டுப் போடுங்கள். கீழே ஒரு சாண் ஆழத்துக்குச் சிறுகண் வலை, அதன் அடியில் பழைய சங்கிலி. மிதவையைக் குறுக்கே நேராகக் கட்டாதீர்கள், சரிவாகக் கட்டுங்கள். ஓட்டம் போகும் பக்கத்து நுனி, பாதை உள்ள கரைப்பக்கம் வந்தால் தண்ணீரே குப்பையை அந்த மூலைக்குத் தள்ளிவிடும், அங்கே நின்று விறாண்டியால் இழுத்து எடுக்கலாம். கீழ் வலை அதிக ஆழமானால் ஓட்டம் அதை உதைத்து மிதவையைப் படுக்க வைக்கும், குப்பை அடியால் போய்விடும். மதகை மறித்துக் கம்பிவலை அடிக்கவே கூடாது. ஒரு மழையில் அடைத்து வீடுகளுக்குள் வெள்ளம் வரும், அதோடு ஊரின் ஆதரவும் போகும். ஒரு நுனியை உருவு முடிச்சாகக் கட்டுங்கள், பெருவெள்ளத்தில் இழுத்தால் அவிழ்ந்து கரையோடு ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு கடும் மழைக்குப் பிறகும் குப்பையை எடுக்க வேண்டும். தை பிறந்ததும் கழற்றி, நாற்பது போத்தலும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். வெயிலில் மூடி தளர்ந்து தண்ணீர் புகுந்ததை மாற்றிவிடுங்கள். வாய்க்கால் சபையுடையது, அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள்.

பிள்ளைகள் வருவதால் இதையும் சொல்ல வேண்டும். மணலில் இரும்புப் பொருள், குழாய், உருளை எது கண்டாலும் தொடவும் கூடாது, தட்டிப் பார்க்கவும் கூடாது. தூர விலகி 119க்கு அறிவியுங்கள். போர் நடந்த கரை இது. மூடிய பீப்பாய்களும் அப்படித்தான். ஊசிகளைப் பெரியவர்கள் மட்டும் இடுக்கியால் எடுத்து, தடித்த ஐந்து லீற்றர்க் கானுக்குள் போட வேண்டும். எல்லார் காலிலும் சப்பாத்து வேண்டும், செருப்புப் போதாது. கடற்சாதாளையை அள்ளாதீர்கள். அது குப்பையல்ல, நண்டுக்கும் பறவைக்கும் சாப்பாடு அதற்குள் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையில் ஒதுங்கியது போன்ற பிளாஸ்ரிக் குறுணி, 2025இல் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கிய பிறகு நம் வடகரையிலும் கண்டது. அரிசியளவு, வெள்ளை அல்லது மங்கலான மணி. அதைக் கூட்டிப் பெருக்கினால் மணலும் சேர்ந்து போகும். காய்ந்த மணல் உள்ள பின்னேரத்தில், கடல் ஏறிய கோட்டில் மேல்மணலை ஒரு விரல் ஆழத்துக்கு எடுத்து, முதலில் கட்டட மணல் அரிதட்டில் சருகை நீக்குங்கள். பிறகு நுளம்பு வலை அடித்த சட்டத்தில் அரியுங்கள், மணல் இறங்கிவிடும். வலையில் நின்றதைக் கடல்தண்ணீர் வாளியில் கொட்டினால் சிப்பியும் கல்லும் தாழும், குறுணி மிதக்கும். தேத்தண்ணி வடியால் வழித்து எடுக்கலாம். ஈரமணலில் முயன்றால் வலை அடைத்து நேரம்தான் போகும். எடுத்ததைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இடமும் திகதியும் எழுதி ஒட்டி, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள். எக்ஸ்-பிரஸ் பேர்ள் வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டும்படி உத்தரவிட்டது. அப்படியான வழக்குகளில் எந்தக் கரையில் என்ன, எப்போது ஒதுங்கியது என்ற பதிவு வேண்டும்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதத் தாள்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். மிதவையை எந்த வாய்க்காலில் போடுவது என்பதை அதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அன்புடன்.